அரசு வழக்கறிஞர் காதலுக்காக வழக்கைத் தோற்கும் படம்

காதலுக்காக அரசு வழக்கறிஞர் வழக்கைத் தோற்கும் படத்தின் பெயர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது ‘தி ஃபைல் ஆன் தெல்மா ஜோர்டன்’, 1950. இயக்கம் ராபர்ட் சியோட்மாக். அத்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படும் தெல்மாவாக நடிப்பவர் பார்பரா ஸ்டான்விக்; அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றே சொதப்பும் அரசுத் தரப்பு வழக்கறிஞராக வெண்டல் கோரி.

நடிகை பெயரைப் போட்டுத் தேடினால் காப்பீட்டு முகவர் கதையே வருகிறது என்கிறீர்களே, அது ‘டபுள் இன்டெம்னிட்டி’, 1944. அதிலும் ஸ்டான்விக், அதிலும் கொலை, அதிலும் மயங்கும் ஆண். அதன் புகழ் பெரிது, அதனால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

உறுதிசெய்ய ஒரு வழி: கடைசியில் ஓடும் காருக்குள் சிகரெட் லைட்டரை வைத்து தெல்மா செய்யும் காரியம் நினைவிருக்கிறதா? இருந்தால் நீங்கள் தேடுவது தெல்மா படம்தான். (கோரி கொஞ்சம் மந்தம். ஆனால் இந்தப் பாத்திரத்துக்கு அது சரியாகவே பொருந்துகிறது.)

சில இடங்களில் வெறும் ‘தெல்மா ஜோர்டன்’ என்ற பெயரிலும் இருக்கும், அப்படியும் தேடுங்கள். கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிடாதீர்கள், கொலையாளி யார் என்பதை அதிலேயே போட்டுடைத்துவிடுவார்கள்.