வியட்நாமா, வங்கதேசமா, சீனாவா? இந்தியாவின் வளர்ச்சியை யாரோடு, எப்படி ஒப்பிடுவது?

மன்னார்குடியிலிருந்து மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "மாவட்ட அளவிலான மாணவர் கருத்தரங்குக்கு 'இந்தியாவின் வளர்ச்சி: பிற நாடுகளோடு ஓர் ஒப்பீடு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி, உலகின் பெரிய பொருளாதாரங்களில் மிக வேகமாக வளர்வது நாம்தான் என்கிறாள். இன்னொரு மாணவன், தலா வருமானத்தில் வியட்நாமுக்குக்கூட நாம் பின்தங்கியிருக்கிறோம் என்கிறான். இருவரிடமும் நாளிதழ்ச் செய்தி ஆதாரம் இருக்கிறது. எந்த எண்ணை, எந்த நாட்டை எடுத்துக்கொள்ளச் சொல்வது?"

உங்கள் மாணவர்கள் இருவர் சொல்வதும் சரியே. மாணவி சொல்வது வளர்ச்சியின் வேகம், மாணவன் சொல்வது வளர்ச்சி எட்டியிருக்கும் மட்டம். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இந்த விவாதம் முடியாது. ஆகவே அவர்களை முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டில், சந்தை நாணய மாற்று விகிதப்படி, இந்தியாவின் தலா மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 2,500 டாலர்; வியட்நாமுடையது ஏறத்தாழ 4,300 டாலர். இந்தியாவில் இது ஆண்டுக்கு 6 விழுக்காடும் வியட்நாமில் 5 விழுக்காடும் உயர்வதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு ஓர் இந்தியரின் பங்கில் 150 டாலர் கூடும், ஒரு வியட்நாமியரின் பங்கில் 215 டாலர் கூடும். வேகமாக வளர்வது நாமாக இருந்தும், இருவருக்கும் உள்ள இடைவெளி அகலமாகிறது. இதே வேகங்கள் மாறாமல் நீடித்தால் நாம் அவர்களை எட்டிப்பிடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் மாணவர்களே போட்டுப் பார்த்துவிட்டால், வேகம் மட்டத்தைச் சொல்லிவிடாது என்பதை அதன்பின் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போகின்றன. நம் பகுதி மாணவர்களுக்கு இதை நெல்லை வைத்தே புரியவைக்கலாம். வழக்கமாக ஏக்கருக்கு 30 மூட்டை காணும் ஒரு வயல், மேட்டூரில் தண்ணீர் இல்லாமலும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தும் சம்பா கருகிய 2016-17 போன்ற ஓர் ஆண்டில் 10 மூட்டையோடு நின்றுவிட்டது, மறு ஆண்டு 25 மூட்டை கண்டது என்று கொள்வோம். விளைச்சல் 150 விழுக்காடு உயர்ந்தது என்று அறிக்கை எழுதலாம். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அந்த விவசாயியின் களத்தில் வழக்கத்தைவிட 5 மூட்டை குறைவாகத்தான் கிடக்கிறது. கொரோனா காலத்து எண்களும் இப்படிப்பட்டவையே. இந்தியப் பொருளாதாரம் 2020-21-இல் 5.8 விழுக்காடு சுருங்கி, 2021-22-இல் 9.7 விழுக்காடு வளர்ந்தது. 100 ரூபாய் 94 ரூபாய் 20 காசாகி, பிறகு 103 ரூபாய் 30 காசு ஆனதைப் போன்றது இது. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஆண்டுக்கு 2 விழுக்காடுகூட இல்லை. இலங்கை 2022-இல் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது காட்டும் வளர்ச்சியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஆகவே ஓர் ஆண்டு வளர்ச்சியை ஓர் ஆண்டு வளர்ச்சியோடு ஒப்பிடுவதை அறவே விட்டுவிட்டு, குறைந்தது பத்து ஆண்டுச் சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் நெருக்கடி ஆண்டுகளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்த டாலரில் அளப்பது என்ற கேள்வி. மன்னார்குடியில் முடிவெட்டிக்கொள்ள ஆகும் செலவையும் நியூயார்க்கில் ஆகும் செலவையும் சந்தை மாற்று விகிதம் கணக்கில் கொள்வதில்லை. இதற்காகத்தான் வாங்கும் திறன் சமநிலை என்ற அளவு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு விலை ஒப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை வாங்க இந்தியாவில் 20.65 ரூபாய் போதும்; அப்போது சந்தையில் ஒரு டாலரின் விலையோ ஏறத்தாழ 65 ரூபாய். மக்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வேண்டுமானால் இந்த அளவே பொருத்தமானது. அதே சமயம், வயலுக்குப் போடும் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டீசலுக்கான கச்சா எண்ணெயும் பெரும்பகுதி அப்படியே. இவற்றுக்கு நாடு சந்தை விலையில் டாலர் கொடுத்தாக வேண்டும், அங்கே 20.65 ரூபாய்க் கணக்கு செல்லாது. நாடு எவ்வளவு இறக்குமதி செய்ய முடியும், எவ்வளவு கடனைத் தாங்க முடியும் என்பவை கேள்வியானால் சந்தை விகிதத்துக்குத்தான் திரும்ப வேண்டும். வாங்கும் திறன் கணக்கில் வியட்நாமுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி சற்றுக் குறைகிறது. ஆனாலும் அவர்கள் நம்மைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கில் நிற்கிறார்கள்.

இனி எந்த நாடு என்ற கேள்விக்கு வருகிறேன். என் பரிந்துரை வியட்நாம். காரணம், அது நம் மாணவர்கள் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளக்கூடிய நாடு. மீகாங் டெல்டா அதன் நெற்களஞ்சியம். 1980-களின் நடுவில்கூட அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்த நாடு, 1986-இல் 'தோய் மோய்' என்ற சீர்திருத்தத்தைத் தொடங்கி, கூட்டுப் பண்ணை நிலங்களின் சாகுபடியைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்ட பிறகு, 1989-இலேயே பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகிவிட்டது. இன்று சராசரியாக ஹெக்டேருக்கு ஏறத்தாழ 6 டன் நெல் எடுக்கிறார்கள். 1990-இல் சந்தை டாலரில் வியட்நாமின் தலா உற்பத்தி நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. ஆனால் அந்த நாட்டின் நாணய மதிப்பு கடுமையாகச் சரிந்திருந்த நேரம் அது. வாங்கும் திறன் கணக்கில் இரு நாடுகளும் அருகருகேதான் இருந்தன. எனவே மாணவர்கள் சந்தை டாலரை மட்டும் எடுத்தால் வியட்நாமின் சாதனை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் எச்சரித்துவிடுங்கள்.

அந்தச் சாதனையின் உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் கருத்தரங்கில் பேச வேண்டும் என்பது என் ஆசை. 1990-களின் தொடக்கத்தில் வியட்நாமிய உழைப்பாளர்களில் பத்தில் ஏழு பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இப்போது மூன்றில் ஒருவருக்கும் குறைவு. வயலை விட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆடை, காலணி, மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இந்தியாவில் 2018-19-இல் 42.5 விழுக்காடாக இருந்த வேளாண் உழைப்பாளர் பங்கு, 2023-24-இல் 46 விழுக்காடாக ஏறியிருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 18 விழுக்காடுதான். ஏறக்குறைய பாதிப்பேர் உழைத்து ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான மதிப்பைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். மொத்தப் பொருளாதாரம் எத்தனை விழுக்காடு வளர்ந்தாலும் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கூலித் தொழிலாளியின் கைக்கு அது ஏன் மெதுவாக வந்துசேர்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வேகமான வளர்ச்சி என்ற பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வளர்ச்சி வேலையாக மாறவில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

வியட்நாமின் ஏற்றுமதியில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்களுடையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; கணக்கில் ஏறும் உற்பத்தி முழுவதும் அந்நாட்டு மக்களின் வருமானமாகிவிடாது. அயர்லாந்து இதற்கு எல்லை மீறிய எடுத்துக்காட்டு: பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துக்களைக் கணக்கில் அங்கே மாற்றியதால் 2015-இல் அதன் உற்பத்தி 25 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்ததாகப் பதிவாயிற்று. அந்நாட்டு மக்கள் அவ்வளவு செல்வந்தர்களாகிவிடவில்லை.

சீனாவைத் துணை ஒப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1990-இல் சந்தை டாலரில் ஏறத்தாழ நமக்குச் சமமாக இருந்த அதன் தலா உற்பத்தி இன்று நம்மைப்போல் ஐந்து மடங்கு. சிங்கப்பூர் போன்ற நகர நாடுகள் வேண்டாம். ஏறத்தாழ 10 கோடி மக்களைக் கொண்ட வியட்நாமைத் தமிழ்நாட்டோடு தனியாக ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால், அது மற்றப் பள்ளிகளின் கட்டுரைகளிலிருந்து வேறுபட்டு நிற்கும். மாநிலத்தின் தலா வருமானம் நாட்டுச் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருப்பதால் முடிவும் வேறாக வரும்.

எண்களை உலக வங்கியின் இணையத் தரவுத்தளத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம். 'தலா, வாங்கும் திறன் சமநிலை, நிலையான விலை' என்ற மூன்றும் சேர்ந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தால் மக்கள்தொகை, விலைவாசி இரண்டின் விளைவும் அதிலேயே நீங்கியிருக்கும். பன்னாட்டு நாணய நிதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடும் எண்களில் நடப்பு ஆண்டுக்கும் வரும் ஆண்டுகளுக்கும் உள்ளவை மதிப்பீடுகள் மட்டுமே. 2020 அக்டோபரில் வங்கதேசத்தின் தலா உற்பத்தி 1,888 டாலர், இந்தியாவுடையது 1,877 டாலர் என்று அந்நிதியம் மதிப்பிட்டதை வைத்து நாடெங்கும் வாதம் நடந்தது. அது இந்தியப் பொருளாதாரம் 10.3 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பின்னர் வந்த அரசுக் கணக்கில் சுருக்கம் 5.8 விழுக்காடுதான். மதிப்பீடுகளை அட்டவணையில் சேர்ப்பதாக இருந்தால் அவற்றை வேறு நிறத்தில் எழுதி, வெளியான மாதத்தையும் ஆண்டையும் பக்கத்திலேயே குறித்துவிடச் சொல்லுங்கள்.