1947 என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: மெக்சிகோ சுதந்திர நூற்றாண்டு நினைவுத் தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிறகு முளைத்த பெண் உருவம், இருபுறமும் 1821, 1947. ‘இந்த வருஷக் காசு அபூர்வம், அதுவும் நம் சுதந்திர ஆண்டு’ என்று தங்கத்தின் மதிப்புக்கு மேல் பாதி சேர்த்துக் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அபூர்வம் என்று சொன்னவரின் துணிச்சல்தான் அபூர்வம். ‘சென்டெனாரியோ’ எனப்படும் இந்த 50 பெசோ காசில் மலிந்து கிடப்பதே 1947தான். 1949 முதல் 1972 வரை அடித்த காசுகளிலும் மெக்சிகோ நாணயசாலை அதே ஆண்டைத்தான் பொறித்தது. அவை மட்டும் 39 லட்சத்துக்கு மேல். அபூர்வம்தான் வேண்டுமென்றால் 1921, 1931 காசுகளைத் தேடுங்கள். நம் சுதந்திரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தப் பெண், மெக்சிகோ நகரத்துச் சுதந்திரத் தூணின் உச்சியில் நிற்கும் வெற்றி தேவதை. ஒரு கையில் மாலை, மறு கையில் அறுந்த சங்கிலி, பின்னால் இரண்டு எரிமலைகள். விடுதலைப் போர் 1810இல் தொடங்கியது என்று கணக்கிட்டு, 1910 செப்டம்பரில் தூணைத் திறந்து தடபுடலாக விழா எடுத்தவர் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ். நவம்பரில் அவருக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. அடுத்த மே மாதம் நாட்டை விட்டே கிளம்பினார். விடுதலை கைக்கு வந்தது 1821இல் அல்லவா என்று 1921இல் இன்னொரு நூற்றாண்டு விழா நடத்தியது, புரட்சித் தளபதி ஒப்ரெகோனின் அரசு. ஆளைத் துரத்தினாலும் அவர் வைத்த சிலையை விடவில்லை, காசில் ஏற்றிவிட்டார்கள்!

சரி, விலைக்கு வருவோம். எடை 41.67 கிராம், ஐந்து சவரனுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் 90 டச்தான், அதாவது நூற்றுக்கு 90 பங்குதான் தங்கம். நம் 916ஐவிட (நூற்றுக்கு 91.6) குறைவு. சுத்தத் தங்கம் 37.5 கிராம் என்று காசிலேயே எழுதியிருக்கும். 1905இல் ஒரு பெசோவுக்கு 0.75 கிராம் தங்கம் என்று வைத்த கணக்கு அது. பின்னர் பெசோ சரிந்த சரிவில், 1943ஆம் ஆண்டுக் காசில் ‘50 பெசோ’ என்பதையே எடுத்துவிட்டு எடையை மட்டும் போட்டார்கள். நீங்களும் எடையை மட்டும் பாருங்கள். 37.5 கிராமுக்கு அன்றைய 24 கேரட் விலை என்னவோ, அதிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். அதற்கு முன், தெரிந்த நகைக்கடையில் நிறுத்து, கேரட் மீட்டரில் வைத்துப் பாருங்கள். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். குறுக்களவு 37 மில்லிமீட்டர். விளிம்பில் ‘இன்டிபென்டென்சியா இ லிபர்டாட்’ என்று ஸ்பானிய எழுத்து ஓட வேண்டும். வழுவழுவென்று இருந்தால், விலையே கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.