மிலாவை வெட்டலாமா?

கேள்வி: 1942-இல் வந்த 'கொலைகாரன் 21-ஆம் எண்ணில் வசிக்கிறான்' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். கொலைக்கதைக்கு நடுவே அந்த வாயாடிப் பாடகி மிலா எதற்கு? அவளை வெட்டியிருந்தால் படம் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்காதா?
– வாசகர், திருச்சி

பதில்: இருந்திருக்காது. ஸ்டீமான் 1939-இல் எழுதிய மூல நாவலில் மிலா கிடையாது, துப்பறியும் அதிகாரி வென்ஸும் கிடையாது. கதை லண்டனில் நடக்கிறது; கொலைகாரன் பெயர் ஸ்மித். முதன்முதலாக முழுநீளப் படம் இயக்க வந்த க்ளூஸோ, ஸ்டீமானோடு சேர்ந்து திரைக்கதை எழுதியபோது எல்லாவற்றையும் பாரிஸின் மோன்மார்த்ருக்கு மாற்றினார். முந்தைய ஆண்டு வேறொரு படத்துக்காகத் தான் எழுதிய வென்ஸ், மிலா ஜோடியையும் (நடித்தவர்கள் பியர் ஃப்ரெனே, சூசி தெலேர்) உள்ளே கொண்டுவந்தார். யோசித்துச் சேர்த்த பாத்திரத்தைத்தான் நீங்கள் வெட்டச் சொல்கிறீர்கள்.

தொடக்கத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். லாட்டரிப் பணம் விழுந்தவன் மதுக்கடையை விட்டு இருட்டுக்குள் இறங்குகிறான். கேமரா கொலைகாரனின் கண்ணாகிப் பின்னால் போகிறது. கைத்தடிக்குள்ளிருந்து வாள் வருகிறது; செத்தவனிடம் ஒரு விசிட்டிங் கார்டு கிடக்கிறது, 'திரு. துரான்' என்று. உடனே மேலிடத்திலிருந்து கெடு இறங்குகிறது. ஒவ்வொரு அதிகாரியும் தனக்குக் கீழே உள்ளவருக்கு நாளைக் குறைத்துக் கொடுக்க, கடைசியில் அது வென்ஸ் தலையில் விழுகிறது. மிலாவுக்கோ பாட வாய்ப்பில்லை, பெயரில்லை. கொலைகாரனைப் பிடித்தால் பத்திரிகையில் பெயர் வருமே என்று அவளும் கிளம்புகிறாள்.

வென்ஸ் பாதிரியார் வேடத்தில், கொலைகாரன் வசிக்கும் ஜூனோ அவென்யூ 21-ஆம் எண் விடுதிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்போது மிலாவும் வந்து அறை எடுக்கிறாள். வேடம் கலைந்துவிடுமோ என்ற படபடப்பிலேயே சிரிப்பும் வருகிறது. ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால் வெளியே அடுத்த கொலை விழுகிறது. பிடித்தவனை விட்டுவிட வேண்டியதாகிறது. இந்த முடிச்சு கடைசியில் மிலாவுக்கும் தானாகவே அவிழ்கிறது. போலீசைக் கூட்டிவருவதும் அவள்தான்! எதைப் பார்த்து அவளுக்குப் பொறி தட்டியது என்பதை இங்கே எழுதமாட்டேன். படம் பார்க்காதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

உங்களுக்கு அவள் தொல்லையாகத் தெரிந்ததற்கு சப்டைட்டில் பெரிய காரணம். படம் 84 நிமிடம்தான், பேச்சோ மழையாகக் கொட்டுகிறது. ஒரு வரியைப் படிப்பதற்குள் இருவரும் அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது வரிகளை விட்டுவிட்டு சூசி தெலேரின் முகத்தைப் பாருங்கள். இன்னொன்று, துரான் என்பது பிரான்சில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். தெருவில் போகிற யாராகவும் இருக்கலாம். எந்த சப்டைட்டிலும் இதைச் சொல்லாது. அந்த விடுதியில் பொம்மை செய்கிற கோலான், துரான் பொம்மைக்கு முகமே வைப்பதில்லை.