முகப்பு மட்டும் போதுமா?

வணக்கம்,
நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறுகிறது. காலனியக் காலக் கட்டடத்தை முழுதாக வைத்திருப்பது உரிமையாளருக்குப் பெரிய சுமை. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் அடுக்குமாடி கட்டினால் என்ன? தெருவில் போகிறவர் பார்ப்பது முகப்பைத்தானே?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காலத்து மாடி பதினைந்தடி உயரம்கூட இருக்கும். இப்போது பத்தடி போதும். அதனால் உள்ளே புதிதாகக் கட்டும்போது, கான்கிரீட் தளம் பழைய வளைவு ஜன்னலின் நடுவில் குறுக்கே ஓடிவிடுகிறது. இரவில் விளக்கு எரியும்போது தெருவில் நின்று பாருங்கள், ஒரே ஜன்னலுக்குள் இரண்டு மாடி தெரியும். எனக்கு மனசு தாங்குவதில்லை.

சுவருக்கும் அது கேடுதான். பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய கனமான சுவர் அது. உள்ளே இருந்த உத்திரங்களும் குறுக்குச் சுவர்களும்தான் அதைச் சாயாமல் பிடித்திருந்தன. அவற்றை இடித்துவிட்டால் இரும்புச் சட்டத்தால் முட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஆழமாக அஸ்திவாரம் தோண்டினால் விரிசல் விடலாம். அப்புறம் அந்த விரிசலைச் சிமெண்டால் பூசுவார்கள், அது இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்து வைக்கும். தங்கிய ஈரத்தில் உப்பு பூத்து, செங்கல்லின் முகமே பொரிந்து உதிரும்.

சரி, உரிமையாளரின் சுமை? அது உண்மைதான், அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. மும்பையின் 1995 பாரம்பரியக் கட்டட விதிகளில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள்: பழைய கட்டடத்தைக் காப்பதால் கட்ட முடியாமல் போகும் பரப்பை, வேறிடத்தில் கட்டும் உரிமையாக உரிமையாளர் விற்கலாம். சிங்கப்பூர் 1989 முதல் கடைவீட்டுத் தெருக்களைச் சட்டப்படி காத்துவருகிறது. லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதும் நிற்க வேண்டும். வேறு சில பகுதிகளில் முன்பக்க வீட்டை அதன் கூரையோடு வைத்துக்கொண்டு, பின்பக்கம் உயர்த்திக் கட்ட விடுகிறார்கள். நீங்கள் கேட்கும் சமரசத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் அங்கே நிற்பது வெறும் சுவர் அல்ல, வீடு.

தீயில் உள்ளே எல்லாம் போய் முகப்பு மட்டும் மிஞ்சினால், அதையாவது காப்பாற்றுங்கள் என்று நானும் சொல்வேன். நல்ல நிலையில் இருக்கும் கட்டடத்துக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு வரைபடம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: முகப்புக்குப் பின்னால் எத்தனை அடி ஆழத்துக்குப் பழைய கட்டடம் நிற்கும்? புதிய தளம் எந்த ஜன்னலை வெட்டும்?