ஓஹோஸ் டெல் சலாடோ: பத்து நாள் லீவு போதுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மாரத்தான் ஓடுவேன், ஆனால் பாறையேற்றம் தெரியாது. சிலியில் உள்ள ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 5,200 மீட்டர் வரை ஜீப்பே போகும், அதற்கு மேல் வெறும் நடைதான் என்கிறார்கள். பத்து நாள் லீவில் ஏறி இறங்கிவிட முடியுமா?

பதில்: ஏறலாம். பத்து நாளில் வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரிதான். 6,893 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமான எரிமலை. ஆனாலும் அட்டகாமா பாலைவனத்தின் வறட்சியால் வழக்கமான பாதையில் பெரிய பனியாறு எதையும் கடக்க வேண்டியதில்லை. சாம்பலும் சரளையும்தான், ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். எரிமலை வாயைத் தாண்டியபின் உச்சிப் பாறையில் மட்டும் கையூன்றி ஏற வேண்டும். அங்கே பழைய கயிறுகள் தொங்கும். எப்போது யார் கட்டியதோ, உடல் எடை முழுவதையும் அதில் போடாதீர்கள். எரிமலை வாயை ஒட்டி இறுகிய பனி கிடக்கலாம் என்பதால், கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முட்கள்) மாட்டி நடக்க முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னைப் பயமுறுத்துவது அந்த ஜீப்தான். கோபியாப்போ நகரம் கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்தான். அங்கிருந்து ஒரே நாளில் 5,200 மீட்டரில் உள்ள அட்டகாமா முகாமில் போய் இறங்கிவிட முடியும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு அதற்குப் பழக நாட்கள் பிடிக்கும். மாரத்தான் ஓட்டம் இதில் கைகொடுக்காது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிப்போய் முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருநாள் ஓய்வு என்பது மலை மருத்துவர்களின் பொதுவிதி. இந்தப் பாதையில் தங்குமிடங்கள் அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. லகுனா (ஏரி) சாந்தா ரோசா சுமார் 3,700 மீட்டர், லகுனா வெர்டே சுமார் 4,300, அடுத்தது நேராக 5,200. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று இரவு கூடுதலாகத் தங்கித்தான் அதை ஈடுகட்ட வேண்டும். வெர்டேயில் இருக்கும்போது பக்கத்திலுள்ள 6,018 மீட்டர் சான் ஃபிரான்சிஸ்கோ மலையில் ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். அட்டகாமா முகாமிலிருந்து சுமார் 5,800 மீட்டரில் இருக்கும் டெஹோஸ் குடிலுக்கும் வண்டி போகும் என்பார்கள். நீங்கள் நடந்தே போங்கள். காற்று தணியக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் இரண்டரை வாரம் ஆகும்.

ஆனால் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த உயரத்தில் ஹெலிகாப்டரை நம்பி இருக்க முடியாது. உங்கள் மீட்பு வாகனம் அதுதான். எரிபொருள் போதுமான அளவு இருக்கட்டும். தினமும் காலையில் கூட்டாளியை ஒரு குதிகாலின் முன் மறு காலின் விரல்களை வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில். இரண்டுக்கும் மருந்துக்கு முன் செய்ய வேண்டியது இறங்குவதுதான், நள்ளிரவானாலும். அசெட்டாசோலமைடு மாத்திரை பழக உதவும், மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நாட்களுக்கு மாற்றில்லை.

குடிநீர் மொத்தத்தையும் கீழிருந்தே கொண்டுபோங்கள், வெர்டே ஏரி உப்பு. உச்சிக்குக் கிளம்பும் விடியற்காலையில் தண்ணீர்க் குடுவையைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் வாய்ப்பகுதி உறையாது. கூடார முளை அந்த மணலில் நிற்காது. பைகளில் கல்லை நிரப்பிக் கட்டுங்கள். டெஹோஸிலிருந்து உச்சிக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் திரும்புவதற்கு ஒரு நேரத்தை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். பிற்பகலில் காற்று வலுக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை பருவம். சிலி-அர்ஜென்டினா எல்லைச் சிகரம் என்பதால் வெளிநாட்டவர் திஃப்ரோல் எனப்படும் சிலி அரசின் எல்லைத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். லீவு நீட்டிக்கக் கிடைக்காவிட்டால் இந்த முறை சான் ஃபிரான்சிஸ்கோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கே பத்து நாள் சரியாக இருக்கும்.