வால்பாறைக்கு லாப்ரடாரை அழைத்துச் செல்வது குறித்து

வணக்கம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலுள்ள உறவினர் வீட்டில் விடுமுறையைக் கழிக்கும்போது, உங்கள் லாப்ரடாரை இரவில் முற்றத்தில் கட்டிவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் உறுதியான பதில். அங்கே சிறுத்தைகள் குடியிருப்புகளை ஒட்டியே நடமாடுவதாலும், நாய் அவற்றுக்கு எளிய இரை என்பதாலும், பொழுது சாய்வதற்கு முன்பே அதனை வீட்டினுள் கொண்டுவந்து கதவைத் தாழிட்டுவிடுங்கள். தேயிலைச் செடிகளுக்கிடையே பகலிலும் சங்கிலியை அவிழ்க்க வேண்டாம். (எங்கள் நாய் காட்டுப்பன்றியைத் துரத்திச் சென்று எங்களை ஒரு மணி நேரம் தவிக்கவிட்டது.) அட்டைக்கடி பெரும்பாலும் தொல்லை மட்டுமே, உண்ணிகளால் வரும் காய்ச்சல்தான் ஆபத்தானது என்பதால், புறப்படுவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் உண்ணித் தடுப்பு மருந்து வாங்கி, வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே, நாய்க்கு வாந்தி வராமலிருக்க, மலையேறுவதற்குச் சில மணி நேரம் முன்பே அதன் உணவை நிறுத்திவிடுவது நல்லது.