பசுங்கணிகம் சொல்வது தாய்வழி மட்டும்

வணக்கம். பூக்கும் மர இனம் ஒன்றின் பசுங்கணிக மரபணுத்தொகையை வரிசைப்படுத்திவிட்டார்கள் என்று படித்தேன். அந்த மரத்தின் மரபணு முழுவதையும் படித்துவிட்டார்கள் என்று அர்த்தமா? அதன் வம்சாவளியை அறிய இது போதுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முழுவதும் இல்லை, மிகச் சிறிய பகுதிதான். பசுங்கணிகம் என்பது இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு (குளோரோபிளாஸ்ட்). உட்கருவில் இருப்பது போக, அதற்கென்றும் தனி டிஎன்ஏ உண்டு. பாப்லர் மரத்தின் உட்கருவில் ஏறத்தாழ 48 கோடி டிஎன்ஏ எழுத்துகள் உண்டு. பசுங்கணிகத்தில் சுமார் 1,57,000 மட்டுமே.

பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா வகை. செல்லுக்குள் குடியேறிய பிறகு அதன் மரபணுக்களில் பல உட்கருவுக்கு இடம் மாறின, பல அழிந்தும் போயின. நூற்றுச்சொச்சம்தான் மிச்சம். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் பெரிய துண்டுக்கான மரபணு பசுங்கணிகத்தில் இருக்கிறது, சிறிய துண்டுக்கானது உட்கருவில். இரண்டு இடத்திலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் நொதி வேலை செய்யும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

1986இல் ஜப்பானில் புகையிலைக்கும் ஈரல்செடி (பாசி போன்ற சிறு செடி) ஒன்றுக்கும் முதன்முதலாகப் பசுங்கணிக மரபணுத்தொகையைப் படித்து முடித்தார்கள். இன்று வேலை எவ்வளவோ சுலபம். ஒரு இலைச் செல்லில் பசுங்கணிக டிஎன்ஏ ஏராளமான பிரதிகளாக இருப்பதால், மேலோட்டமாக வரிசைப்படுத்தினாலே அது முழுசாகக் கிடைத்துவிடும். சிக்கல், படித்த துண்டுகளை வரிசையாகக் கோக்கும்போதுதான். பெரும்பாலான மரங்களில் 25,000 எழுத்துகள் அளவுள்ள ஒரு பகுதி, எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை வரும். சிறு துண்டுகளாகப் படித்தால் எது எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது.

சரி, வம்சாவளிக்கு வருவோம். போதாது என்பேன். பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாய்வழியாகவே வருகிறது. மகரந்தம் தந்த மரத்தின் சுவடு அதில் இருக்காது. ஐரோப்பிய ஓக் மரங்களைப் பாருங்கள்: ஒரே காட்டில் நிற்கும் வெவ்வேறு ஓக் இனங்களுக்கு ஒரே வகைப் பசுங்கணிகம் இருக்கும், அதே இனத்தின் தொலைதூர மரத்துக்கோ வேறு வகை. இனங்கள் தமக்குள் கலந்ததன் விளைவு இது. பனியுகம் முடிந்து ஓக் காடுகள் எந்த வழியாக வடக்கே பரவின என்பதை இந்த வகைகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஆனால், எது எந்த இனம் என்று கேட்டால் பசுங்கணிகம் நம்மைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். அதற்கு உட்கருவையும் படிக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் படித்த ஆய்வில் எத்தனை மரங்களிலிருந்து இலை எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரே மரம் என்றால், இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.